மணியம் பெயருக்கு ஓர் அர்ச்சனை

எண்பத்தாறாம் வருடம் என்னால் என் நண்பன் மணியம் கேஸில் மாட்டிக்கொள்ளப் பார்த்தான். மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் கிள்ளானில் லோரி ஓட்டினேன். ஆறாம் வகுப்போடு சரி. மகள் சரளா கடன் வாங்கிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தாள். கடனுக்கு இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். நான் ஒருவன். என்னோடு லோரி ஓட்டிய மணியம் இன்னொருவன். ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

சரளா படித்து முடித்தபோது எங்கும் வேலை இல்லை. துணிக்கடையில் சேலை மடித்தாள். "இதுக்குத்தான் டிகிரியா?" என்று பலர் கேட்டார்கள். என் மனத்திலும் அதுதான் இருந்தது.

தவணை நின்றது. மலாய் மொழியில் கடிதங்கள் வந்தன. சரளா நொந்துபோவாள் என்று அவளுக்கு வந்ததையும் நான் மறைத்தேன். மணியமும் நானும் மளிகைக் கடைக்காரரிடம் காட்டினோம்.

"கட்டலன்னா ரெண்டு ஜாமீன் மேலயும் கேஸ்லா, அண்ணே."

மணியம் சிரித்தான். "என் சைக்கிள எடுத்துக்கட்டும். பிரேக்கு இல்லன்னு மட்டும் சொல்லிடு." கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டில் வெற்றிலைக்கு அடியில் கடிதத்தை வைத்தேன். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். "மணியம், கேட்டை" என்றேன். தாயே, கடனைக் கேட்பதானால் என்னைக் கேட்கட்டும். அவனை விட்டுவிடட்டும். வேறு எதுவும் வேண்டவில்லை.

நான் கண்ணை மூடி நின்றேன். குருக்கள் தட்டைச் சரளா கையில் கொடுத்துவிட்டார். தேங்காயை எடுத்தவள் கடிதத்தைப் பார்த்தாள். அங்கேயே நின்று படித்தாள்.

"இத யாருப்பா படிச்சுச் சொன்னது?"

"மளிகைக் கடை அண்ணன்."

"வீட்டுல டிகிரிய வச்சிக்கிட்டு வெங்காயம் விக்கிறவர்கிட்ட காட்டுனீங்களா? தவணைய கொறைக்கச் சொல்லி கேக்கலாம்னு பின்பக்கம் போட்டிருக்கு. அத அவர் படிக்கலியா?"

என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை கோலாலம்பூர் கடன் ஆபீசுக்கு எங்களைக் கூட்டிப் போனாள். மணியமும் நானும் சுவரோரம் நின்றோம். அவள் அதிகாரிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மலாயில் பேசினாள். கெஞ்சவில்லை. தவணை பாதியானது. அதை ஒழுங்காகக் கட்டும்வரை ஜாமீன்காரர்களிடம் வருவதில்லை என்று எழுதி வாங்கினாள்.

அம்மன் பணம் தரவில்லை. எங்களுக்காகப் பேச ஓர் ஆளைத் தந்தாள். அந்த ஆள் என் வீட்டிலேயே இருந்தாள். படிப்பு எதற்கு என்று நான் அதற்குப் பிறகு மனத்தில்கூடக் கேட்டதில்லை.

சரளாவுக்குப் பின்னால் நல்ல வேலை கிடைத்தது. எட்டு வருடத்தில் கடன் தீர்ந்தது. மணியம் ஒரு காசு கட்டவில்லை. போன வருடம் தன் மகனுடைய படிப்புக் கடன் விண்ணப்பப் பாரத்தோடு வந்தான்.

"ஜாமீன் கையெழுத்துப் போடுவியா, ஓடிடுவியா?"

சரளா எல்லாப் பக்கத்தையும் படித்துக் காட்டினாள். போட்டேன்.

அடியார்களே, பிள்ளை படிப்புக்கு வாங்கிய கடன் நெஞ்சை அழுத்தினால் தாயிடம் சொல்லுங்கள். கேட்பாள். வீட்டுக்கு வந்து பிள்ளையிடமும் சொல்லுங்கள்.