முப்பத்தோராம் நாளில் வெளியான புத்தகம்

என்னுடைய பதினொரு சிறுகதைகள் ஒரு பதிப்பாளரின் மேசையில் பதினான்கு மாதம் கிடந்தன. கடைசியில் வந்த பதில் இதுதான்: கதைகள் நன்று, யாராவது ஒரு பெரியவரிடம் அணிந்துரை வாங்கி வாருங்கள், அந்த விவாகரத்துக் கதையை மட்டும் எடுத்துவிடுங்கள். பெரியவர்கள் இருவரைக் கேட்டேன். ஒருவர் வாசிக்க நேரமில்லை என்றார். மற்றவர் வாசிக்காமலே எழுதித் தருகிறேன் என்றார். வந்த கோபத்தில் மூன்று நாள் நான் சமைத்த எல்லாவற்றிலும் உப்புக் கூடிவிட்டது. நான்காம் நாள், பங்குனி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, கதைகளைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வவுனியாவில் பஸ் ஏறினேன்.

போகுமிடம் மருதனார்மடம். அங்கே ஓர் அச்சகத்தில் கணினியில் எழுத்தடித்துப் பக்கம் கட்டும் வேலை பார்ப்பவர் வதனி. முகநூலில் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. என் புலம்பலை வாசித்துவிட்டு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். "அக்கா, ஏன் உவையளைக் கெஞ்சுறியள்? நீங்களே அடியுங்கோ. நான் பக்கம் கட்டித் தாறன்."

பஸ் காலை 5.40க்கு. கட்டணம் 560 ரூபா. வடக்கே போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், வலப்பக்கம் இருந்தால் ஆனையிறவு தாண்டுவதற்குள் வெயில் முகத்தைப் பொசுக்கிவிடும். நடத்துநர் டிக்கெட் கிழித்துக்கொண்டே "தனியவோ அக்கா?" என்று கேட்டார். "இல்லைத் தம்பி, பதினொரு பேர் பைக்குள்ளை இருக்கினம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் வரவேயில்லை. ஒன்பது மணிக்கு யாழ்ப்பாணம். அங்கிருந்து காங்கேசன்துறை வீதியால் போகும் பஸ்ஸில் எட்டுக் கிலோமீற்றர், அரை மணி நேரம். சந்தியில் இறங்கினால் ஒரு பக்கம் சந்தை இரைச்சல், மறுபக்கம் ஆஞ்சநேயர் கோயில் மணி. அச்சகம் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில்.

வதனிக்கு நாற்பத்திரண்டு வயது. பதினாறு வருடமாக அங்கே அதிகம் கட்டியது கல்வெட்டுத்தான். வெளியூர்க்காரருக்கு ஒரு விளக்கம்: யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது அல்ல, கடதாசியில் அடிப்பது. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அன்று சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். இறந்தவரின் படம், தேவாரப் பதிகங்கள், வாழ்க்கைக் குறிப்பு, வம்ச விருட்சம், நன்றி. உள்ளே பதிகம் இருப்பதால் யாரும் எறிவதில்லை, அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கும்.

"பொம்பிளையள் எண்டா ஒரே வசனம்தான் அக்கா" என்றார் வதனி. "'கணவருடன் இணைந்து இல்லறத்தை நல்லறமாக நடத்தினார்.' நான் உந்த வசனத்தை இப்ப அடிக்கிறேல்லை. பழைய கல்வெட்டிலையிருந்து கொப்பி பண்ணி ஒட்டுறன். பேரை மட்டும் மாத்தினாச் சரி."

அவருடைய அம்மா இறந்து அன்றோடு முப்பது நாள். மேசைக்குக் கீழே நான்கு கட்டுகளில் முந்நூறு கல்வெட்டு இருந்தது. ஒன்றை எடுத்துத் தந்தார். நாற்பத்தெட்டுப் பக்கம். முன்பாதி பதிகம். பின்பாதியில் இருபது பக்கம் அம்மாவின் கதை.

அம்மாவே சொல்லச் சொல்ல வதனி தொலைபேசியில் பதிந்து எழுதியது. ஒருநாள் சபை நடுவே அப்பா கன்னத்தில் அறைந்திருக்கிறார். அம்மா இரண்டு பிள்ளைகளையும் ஒரு பானையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, நாலு பரப்புக் காணி குத்தகைக்கு எடுத்து, இரண்டு வருடம் தனியாக வெங்காயம் நட்டிருக்கிறார். அப்பா கூப்பிட வந்தபோது அம்மா நிபந்தனை வைத்தார்: இனிக் கை நீட்டக்கூடாது, வீட்டுக் காணி என் பேரில் இருக்கவேண்டும். இரண்டுக்கும் அப்பா ஓம் சொன்ன பிறகுதான் திரும்பினார். இந்தக் கதையை வதனியும் ஒரு பதிப்பாளருக்கு அனுப்பியிருக்கிறார். குடும்ப விஷயம், இலக்கியமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நான் அச்சகத்தில் நின்றபடியே இருபது பக்கத்தையும் வாசித்து முடித்தேன். இலக்கியம் இல்லையாம்!

பதினொன்றேகாலுக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த வதனியின் அண்ணன் வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கினார். கல்வெட்டுக்கு அவர்தான் செலவு. அச்சடிக்க முன்னர் வதனி முழுப் புத்தகத்தையும் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். அவர் எல்லாரையும் போல வம்ச விருட்சத்தை மட்டும் பார்த்திருக்கிறார். தன் சின்ன மகளின் பெயரில் ஒரு துணைக்கால் விடுபட்டிருந்ததாம். அதைத் திருத்தச் சொல்லிவிட்டுச் சம்மதம் கொடுத்துவிட்டார். இப்போதுதான் கையில் எடுத்துப் புரட்டினார். புரட்டிய கை இருபத்தேழாம் பக்கத்தில் நின்றுவிட்டது.

"இதென்ன வதனி?"

"அம்மா."

"உதை ஆர் எழுதச் சொன்னது?"

"அம்மாதான் அண்ணை. அவவின்ரை குரலே என்னட்டை இருக்கு. கேக்கப்போறியளோ?"

"விசர்க்கதை கதையாதை. ஊர் சிரிக்கும்."

"ஊருக்குத் தெரியாததோ? அம்மா வெங்காயம் நட்டதைப் பாத்த சனம் இப்பவும் உயிரோடை இருக்கு."

"தெரியிறது வேறை, அச்சிலை வாறது வேறை. என்ரை மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசத் துவங்கியிருக்கிறம். அவையின்ரை ஆக்களும் நாளைக்கு வருகினம்." அச்சக முதலாளியின் பக்கம் திரும்பினார். "அண்ணை, அந்தப் பக்கங்களை மட்டும் உருவி எடுங்கோ."

வதனி ஒரு பிரதியை அண்ணனிடம் நீட்டினார். "நீங்களே உருவுங்கோ."

அவர் பிடித்து இழுத்தார். அம்மாவின் தாள் வந்தது. கூடவே முன்பாதியிலிருந்து இன்னொரு தாளும் கழன்று தரையில் விழுந்தது. நடுவில் மடித்துக் கம்பி அடித்த புத்தகம் அப்படித்தான். ஒரே கடதாசிதான் இரண்டு தாளாக நிற்கும். பாதியைக் கிழித்தால் மறுபாதி தங்காது.

"கீழை கிடக்கிறது பதிகம் அண்ணை" என்றார் வதனி. "அம்மாவின்ரை ஒவ்வொரு தாளுக்கும் மற்றப் பாதியிலை பதிகம் இருக்கு. கிழிக்கிறதெண்டா ரெண்டையும் சேத்துக் கிழியுங்கோ."

முதலாளி மெல்லத் தொண்டையைச் செருமினார். "கத்தியாலை ஓரம் விட்டு வெட்டலாம் தம்பி. முந்நூறு புத்தகம், ஒவ்வொண்டிலையும் பத்துத் தாள். விடிஞ்சா நீங்கள் கிரியைக்குக் கீரிமலைக் கடற்கரையிலை நிக்கவேணும்."

அண்ணன் குனிந்து விழுந்த தாளை எடுத்தார். யோசிக்காமலே கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதோடு வழக்கு முடிந்துவிட்டது. அது அவருக்கும் தெரிந்தது. "நான் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். நீயே குடு" என்றார். "ஓம், நானே குடுக்கிறன்" என்றார் வதனி. வான் புறப்பட்ட பிறகு, தெரிந்தே இப்படிக் கட்டினீர்களா என்று கேட்டேன். "பதினாறு வருசம் அக்கா. எந்தத் தாளுக்கு எது சோடி எண்டு எனக்குத் தெரியாதோ?" எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்தேன்.

அன்றிரவு நல்லூரில் தங்கினேன். அறை 3,500 ரூபா. தனியாக வரும் பெண்ணிடம் அடையாள அட்டையைத் தவிர வேறொன்றும் கேட்காத வீடு. சனிக்கிழமை பத்தரைக்கு, அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு, வதனியின் ஊரான அளவெட்டிக்கு ஆட்டோ, பதினைந்து கிலோமீற்றர், 1,700 ரூபா. ஓட்டுநர் என்ன விசேஷம் என்று கேட்டார். புத்தக வெளியீடு என்றேன்.

"தலைமை ஆர்?"

"ஒருத்தருமில்லை."

"தலைமை இல்லாமல் வெளியீடோ!" என்று வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும். நம்முடைய வெளியீட்டு விழாக்களில் மேடையில் ஏழு ஆண்கள் மூன்று மணி நேரம் பேசி முடித்த பிறகு, எழுதியவளுக்கு ஐந்து நிமிடம் ஏற்புரை தருவார்கள். அதற்குள் சபையில் பாதிப்பேர் பஸ்ஸுக்குப் போயிருப்பார்கள். இங்கே பந்தலுக்குள் ஏறத்தாழ முந்நூறு பேர் இருந்தார்கள். வதனி வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். ஆண்கள் வம்ச விருட்சத்தில் தங்கள் பெயரைத் தேடினார்கள். பெண்கள் சாப்பிட முன்னர் பின்வளவில் கை கழுவிவிட்டு நின்ற நிலையிலேயே வாசித்தார்கள். சோறு ஆறியது. அண்ணனின் மனைவி வந்து "எனக்கு ஆறு புத்தகம் தாரும்" என்று மெல்லிய குரலில் கேட்டு வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒன்றைக் கைப்பைக்குள் வைத்தார். சம்பந்தம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் கடைசிவரை ஒரு பிரதியைக்கூடத் தொடவில்லை.

ஊரில் மாவரைக்கும் மில் நடத்தும் ராணி மாமி கடைசியாக வந்தார். புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு வதனியைப் பார்த்தார்.

"பிள்ளை, உதுக்குச் செத்துத்தான் ஆகவேணுமோ?"

"இல்லை மாமி. நாளைக்குக் காலமை வீட்டை வாங்கோ."

இதே எண்ணத்தில் பயணம் கிளம்பும் பெண்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடவேண்டும், இல்லையென்றால் கடைசியில் வெற்றுத்தாள் மிஞ்சும். பிழையைத் தொலைபேசியில் பார்க்காதீர்கள், கடதாசியில் பாருங்கள். இரண்டு அச்சகத்தில் விலை கேளுங்கள். எனக்குச் சொன்னது அறுபத்துநான்கு பக்கத்துக்குப் பிரதி 290 ரூபா, நூறு பிரதி அடித்தால். உரிமையை உங்கள் பெயரிலேயே போடுங்கள். விற்பதற்குக் கடை வேண்டுமென்பதில்லை. கலியாணம், புதுவீடு குடிபூரல், பிறந்தநாள் என்று நம் வீடுகளில் சனம் கூடாத மாதம் ஏது? என் புத்தகத்திலோ, அணிந்துரைக்கென்று நான் விட்டிருந்த நாலு பக்கத்தில் விவாகரத்துக் கதை வசதியாக உட்கார்ந்துவிட்டது. இதெல்லாம் பதிப்பகம் கிடைக்காதவளின் சமாதானம் என்று யாராவது சொன்னால், அவர் கடைசியாக எப்போது முந்நூறு பேர் கையில் புத்தகம் கொடுத்தார் என்று கேளுங்கள்.

ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி பஸ்ஸில் திரும்புவதாக இருந்தேன். திரும்பவில்லை. காலையில் விடைபெற அளவெட்டிக்குப் போனேன்; வதனி வீட்டுக்கு ராணி மாமி எட்டரைக்கே வந்துவிட்டார். தலை தோய்ந்து, நல்ல சேலை கட்டி, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வதனி மடிக்கணினியை என் பக்கம் தள்ளிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார். எங்கிருந்து தொடங்கலாம், பிறந்த ஊரிலிருந்தா என்று மாமியிடம் கேட்டேன்.

"பிறந்தது ஆருக்கு வேணும்?" என்றார். "முதல் வரி இப்பிடி அடியுங்கோ: நான் இன்னும் சாகேல்லை."