முதல் சிகரெட்டுக்கு எத்தனை நிமிஷம்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், மகன் கட்டிங் மாஸ்டராக இருந்த திருப்பூர் பனியன் கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். நர்ஸம்மா கையில் அச்சடித்த ஒரு தாள். என் பேரை எழுதுவதற்கு மேல் எனக்குப் படிப்பு வராது. அவர் வாய்விட்டுக் கேட்டதால்தான் அதில் இருந்தது தெரிந்தது. விசைத்தறி ஓட்டி ஓய்ந்திருந்த என் வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் ஒரே கேள்விகள்.

"தூங்கி எந்திரிச்சு எத்தனை நிமிஷத்துல முதல் பீடி பிடிப்பீங்க அய்யா?"

"எனக்கு முன்னால எம் பீடி எந்திரிச்சுக்கும் கண்ணு" என்றார் அவர். வரிசையே சிரித்தது.

அடுத்து மகன். அப்பன் பக்கத்தில் நின்றதால் தலையைக் குனிந்துகொண்டான். பதிலை நான் சொன்னேன். "எம் பையன் ஊட்டுல பத்த வெச்சதே இல்லீங்க. பஸ்ல ஒரு மணி நேரம் வந்து, கம்பெனி முக்குல எறங்குன பொறவுதான்." பெருமையாகத்தான் சொன்னேன். கம்பெனிக்குள் பஞ்சுக்குப் பயந்து யாரும் பற்ற வைப்பதில்லை, டீ நேரத்தில் மட்டும்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். நர்ஸம்மா பதிலுக்குப் பதில் போட்ட மார்க்கைக் கூட்டிப் பார்த்தார். என் வீட்டுக்காரருக்குக் கடும் பழக்கம் என்று மருந்து கொடுத்து, வாரா வாரம் டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து தன்னைப் பார்க்கச் சொன்னார். மகனிடம், "உங்களுக்குக் கொஞ்சந்தான், நீங்களே விட்டுரலாம்" என்றார்.

தினமும் காலையில் அவன் தட்டில் கை வைக்காமல், விரல் நடுங்கச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியதைப் பார்த்தவள் நான். வேலைப் பொறுப்பு என்று நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் பீடியைப் பாதிக்குமேல் குறைத்தார். இரண்டு வருஷம் கழித்து மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் காலை, மகன் பாயில் படுத்தபடியே தலைமாட்டைத் தடவி ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்ற வைத்தான். கண்ணைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. அடுப்படியில் நின்று பார்த்தேன். கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. அப்பனுக்கு இருந்த அதே பழக்கம்தான் இவனுக்கும். அப்பன் வீட்டில் இருந்ததால் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். "எனக்குக் கொஞ்சந்தான்னு நர்ஸே சொன்னாங்கல்லம்மா" என்றான்.

அன்றைக்கே நான் மட்டும் டவுன் பஸ் ஏறிப்போய் அந்த நர்ஸம்மாவைப் பார்த்தேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பாப் போச்சுங்க. எம் பையன் கால் தரையில படறதுக்கு முன்னால பத்த வெக்கறானுங்க."

வெளியாளிடம் என் மகனைப் பற்றிக் குறைவாக நான் சொன்னது அதுதான் முதல் தடவை.