நாங்கள் கேட்ட தகரம்

கல்யாணமாகி மாத்தளை டவுனுக்கு வந்த புதிதில் ஒரு நாள்கூட நான் நிம்மதியாகக் குளித்ததில்லை. வீட்டுக் கிணற்றில் சமையலுக்கு மட்டும்தான் தண்ணீர் ஊறும். குளிக்கவும் துவைக்கவும் எங்கள் தெருப் பெண்களுக்கு டவுன் குளத்தை விட்டால் வேறு கதி இல்லை. நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் படித்துறை பெண்களுக்கு என்பது வழக்கம். அந்த நேரத்தில் எந்த ஆணும் இறங்கமாட்டான். மாட்டைத் தேடி வருகிறவன்கூட மேட்டில் நின்று இருமுவான். யாழ்ப்பாண ரோட்டில் போகிற சிவப்பு பஸ்ஸுக்கு மட்டும் அந்த மரியாதை தெரியாது. வளைவில் வேகம் குறைந்ததும் ஜன்னலுக்கு ஒரு தலை வெளியே வரும்.

என் மாமிக்கு இது உயிர்போகிற விஷயம். கணவரின் உம்மாவான அவர் முழங்கை தெரிய வாசலுக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் பெண்களைக் கூட்டிக்கொண்டு குளத்தோரத்து மிளகு ஸ்டோர் முதலாளியிடம் போனார். "ரோட்டுப் பக்கம் ஒரு மறைப்பு போட்டுத் தாங்க முதலாளி, புண்ணியமாப் போகும்" என்றார். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க கேட்டு இல்லேன்னு சொல்வேனா" என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் தகரம் வந்துவிட்டது. மாமி சந்தோஷத்தில் முதலாளி வீட்டுக்கு இனிப்பு வட்டிலாப்பம் அவித்து அனுப்பினார். நான் போய்ப் பார்த்தேன். ரோட்டுப் பக்கம் கேட்ட மறைப்பு, படித்துறையைச் சுற்றி, குளக்கட்டில் ஏறி, சிங்களப் பெண்கள் குளிக்கும் அக்கரை வரை போயிருந்தது. மறைப்புக்கு எதற்குச் சீமெந்துத் தூண் என்று கேட்டேன். "உனக்கு எதிலும் குறைதான்" என்று மாமி என் வாயை அடைத்தார். என் கணவரின் துணிக்கடை முதலாளியின் கட்டடத்தில் இருந்தது. அதனால் அவரும் வாயைத் திறக்கவில்லை. நான் மட்டும் சட்டியும் பானையுமாகச் சத்தம் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

மாடு புகுந்துவிடும் என்று கேட் வைத்தார்கள். பிறகு கேட்டுக்குப் பூட்டு வந்தது, பூட்டுக்கு ஒரு வாச்சர் வந்தார். தூண்டில் போட வந்தவர்களைத் துரத்தினார்கள். அக்கரைப் பெண்கள் வாளியோடு வந்து திரும்பிப் போனார்கள். கடைத்தெருவில் ஆண்கள், "ஒங்க வீட்டுப் பொம்பளைங்களுக்காகத்தானே அடைச்சாங்க" என்று என் கணவரிடம் குத்திப் பேசினார்கள். கடைசியில் ஒரு பகல் நாங்கள் அழுக்குத் துணிமூட்டையோடு போனபோது வாச்சர் கேட்டைத் திறக்கவில்லை. முதலாளி கட்டப்போகும் கெஸ்ட் ஹவுஸைப் பார்க்க ஆள் வந்திருக்கிறதாம், இனிமேல் இந்தப் பக்கம் வரவேண்டாமாம்.

ஊரே முறைப்பாடு செய்து, அரசாங்கக் கந்தோரிலிருந்து யாழ்ப்பாணத்து அதிகாரி ஐயா ஒருவர் விசாரிக்க வந்தார். குளக்கட்டில் சனம் கூடி நின்றது. முதலாளி சிரித்துக்கொண்டே எங்களைக் காட்டினார். "தகரத்தை நானா அடிக்கல்லீங்க ஐயா. இவங்க கேட்டாங்க, செஞ்சு கொடுத்தேன்."

ஐயா மாமியிடம் திரும்பினார். "உண்மையோ அம்மா? நீங்களோ அடிக்கச் சொன்னது?"

இல்லை என்று சொல்லுங்கள் என்று நான் மாமியின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். எல்லாமும் கேட்கவில்லை, ரோட்டுப் பக்கம் மட்டும்தான் என்றாவது சொல்லியிருக்கலாம். "ஓம், நாங்கதான் கேட்டோம்" என்றார் மாமி. அவருக்குப் பொய் வராது.

"அப்ப நான் என்ன செய்யிறது? கேட்டுப் போட்டதை நான் பிடுங்கச் சொல்ல ஏலாது" என்ற ஐயா, பேனாவை மூடிவிட்டுச் சற்று மெதுவாகச் சொன்னார்: "கேட்ட ஆக்களே வேண்டாம் எண்டால், அது வேற கதை."

வேண்டாம் என்றால் முழுவதும் வேண்டாம். அந்த ரோட்டுப் பக்கத் தகரமும் போய்விடும். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்குக் கோபத்தில் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

"வேணாம்" என்றார் மாமி. சொல்லிவிட்டு நேராக ரோட்டுப் பக்கத் தகரத்திடம்தான் போனார். ஆணி பிடுங்க வராமல் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். நாங்களும் போய்ப் பிடித்தோம். அக்கரைப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். தகரம் சாய்ந்ததும் ரோடு பளிச்சென்று தெரிந்தது.

ஐயா மாமி சொன்னதை எழுதிக்கொண்டு போனார். சனம் கலையவில்லை. இன்று இறங்காவிட்டால், மறைப்பில்லாமல் இவர்கள் குளிக்கமாட்டார்கள் என்று காட்டி முதலாளி நாளைக்கே தகரத்தைத் திரும்ப அடித்துவிடுவார் என்று மாமிக்குத் தெரிந்திருந்தது. பட்டப்பகலில், அத்தனை ஆண்கள் மேட்டில் நிற்க, முக்காட்டோடு படியிறங்கினார். சில ஆண்கள் திரும்பிக்கொண்டார்கள், சிலர் திரும்பவில்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்று மாமி அழுதார். வெட்கத்தில் அழுத அழுகை அது. வாங்க போவோம் என்று நான் கூப்பிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, குளிக்கச் சவுக்காரக் கட்டியைக் கேட்டுக் கையை நீட்டினார்.