ஹவுழில் விழுந்த வலது காது

மச்சான்மாரே, நம்ம பாட்டுக்காரரின் புதுப் பாட்டு இன்றைக்கு ஐந்து மணிக்கு வந்தது, அதற்கென்றே வாங்கிய என் இயர்பட்ஸில் ஒரு பாதி அதற்கு முன்பே உயிர்விட்டு மௌத்தாகிவிட்டது.

அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்கப் பள்ளிவாசலுக்குப் போனேன்.

எதையும் வலதில் தொடங்கித்தானே பழக்கம்? வலது காதில் இருந்ததை முதலில் கழற்றி ஹவுழ்த் தொட்டியின் விளிம்பில் வைத்தேன். பக்கத்தில் இருந்தவரின் முழங்கை தட்டியது. தண்ணீருக்குள் போய்விட்டது.

பாங்கு சொல்லும் மோதினாரிடம் ஓடினேன்.

"வியாழக்கிழமை தொட்டி இறைக்கக்குள்ள எடுத்துத் தாறன் மனே."

"அஞ்சு மணிக்குப் பாட்டு வருது மாமா."

"தொட்டியில இருக்கிற மீன் கேக்கட்டும்."

பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு ஜாம் போத்தலைக் காட்டினார். முன்பு தொட்டி இறைத்தபோது கிடைத்தவையாம். ஏழு இயர்பட்ஸ். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஏழும் வலது.

"ஒருத்தரும் வந்து கேக்கல்லியா?"

"வெக்கம் மனே. நீதான் முதல் ஆள்."

வாப்பா இருக்கும் வீட்டில் சத்தமாகப் பாட்டுப் போட முடியாது. ஐந்து மணிக்கு இடது காதால் மட்டும் கேட்டேன். கிட்டார் வரவேயில்லை, மற்றப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு காதும் மிஞ்சியவர்கள் யாராவது, வலது பக்கம் என்ன ஓடியது என்று கீழே எழுதுங்கள். வெட்கப்பட்டுத் திரிகிற அந்த ஏழு பேருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.