பம்ப்பைத் திருகியது யார்

கிள்ளான் மெக்கானிக் ஜெய்னுதீன் பாய் லோரியின் டீசல் பம்ப்பை முழுசாக ஏற்றிக் கொடுப்பதில்லையாம். நாகையாவிடம் இதைச் சொன்னது இன்னொரு லோரிக்காரன் பரமேஸ்வரன். பரமேஸ்வரனுக்குச் சொன்னது, செலாயாங் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் எவனோ ஒருவன். அவனுக்கு யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை.

"கொஞ்சம் கொறைச்சே வெச்சு அனுப்புவாராம்லா. வண்டி இழுக்காது. அப்புறம் நீ அவர்கிட்டதானே திரும்பப் போய் நிக்கணும்?" என்றான் பரமேஸ்வரன், தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே.

வேறொருவர் என்றால் சிரித்துவிட்டு எழுந்து போயிருப்பார். நாகையாவால் முடியாது. ஜெஞ்சாரோம் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, பாதி ஆயுசு அடுத்தவர் லோரியை ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு பழைய லோரி வாங்கியவர். சோறும் வீடும் மகள் படிப்பும் அந்த ஒரே லோரியில்தான் ஓடின. பஞ்சர் கடைக்குப் போனாலும் டயரில் யாருக்கும் தெரியாமல் ஒரு குறி போட்டுக்கொண்டுதான் போவார். கழற்றிய பழைய சாமானை விடாமல் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

"இந்த மனுஷன் என் தாலிய மட்டுந்தான் இன்னும் உரசிப் பாக்கல" என்பாள் மனைவி புஷ்பவல்லி.

பம்ப் விஷயம் டீசல் லோரிக்காரர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இன்ஸ்பெக்‌ஷனில் கரும்புகை கக்கினால் வண்டி பாஸாகாது. அதனால் போவதற்கு முன்னால் பம்ப்பின் திருகைக் குறைத்து, இன்ஜினுக்குள் பாயும் டீசலை மட்டுப்படுத்திக்கொள்வார்கள். பாஸாகி வந்ததும் பழையபடி ஏற்றிக்கொள்வார்கள். குறைத்தால் புகையும் இல்லை, இழுவையும் இல்லை. ஏற்றினால் இரண்டும் உண்டு. நாகையாவின் லோரிக்கும் போன மாதம் பாய்தான் குறைத்தார், பாய்தான் ஏற்றினார்.

பரமேஸ்வரன் பேச்சைக் கேட்ட மறுநாளிலிருந்து வண்டி இழுக்கவில்லை. மேம்பாலம் ஏறும்போது முனகியது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதே புலம்பல்.

"பாய் நல்லவருதான் மாமா" என்றான் கிஷன். புஷ்பவல்லியின் தம்பி. நாகையாவுக்கு முட்டி வலி வந்ததிலிருந்து தூரத்து டிரிப்பெல்லாம் அவன்தான் ஓட்டுகிறான்.

"நல்லவன்னு நெத்தியில எழுதியா ஒட்டிருக்கு? நீ சும்மா கெட."

கிஷன் சும்மா இருந்துவிட்டான். நாகையா இருக்கவில்லை. வியாழக்கிழமை லோரியை ஷா ஆலமில் முன்பின் தெரியாத ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனார். "இப்பதான் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுது பாஸ், பம்ப் இன்னும் கொறைச்ச மாதிரியே இருக்கு, நல்லா ஏத்திவிடுங்க" என்றார். ஜெய்னுதீன் பெயரை எடுக்கவில்லை. எடுத்தால் இவனும் அவனும் கூட்டாளிகளாக இருந்துவிட்டால்? ஷா ஆலம்காரர் அவர் சொன்னதை நம்பித் திருகினார். திரும்பி வரும்போது லோரி பறந்தது. கண்ணாடியில் கரும்புகை சுருண்டு எழுவதைப் பார்த்து, இதல்லவா பலம் என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை காலை கிஷன் தரை ஓடு ஏற்றிக்கொண்டு பெந்தோங்குக்குக் கிளம்பினான். அவன் போனபின், பாயிடம் இதைச் சொல்லிக் காட்டாமல் நாகையாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக ஜெய்னுதீன் ஒர்க்‌ஷாப்புக்கே போனார்.

"என்ன பாய், நீங்க விட்டு வெச்சத வேறொருத்தன் சரி பண்ணிட்டான் தெரியுமா?"

"எதண்ணே?"

"பம்ப்ப. ஷா ஆலம்ல. வியாழக்கெழம."

ஜெய்னுதீன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வியாழக்கெழமயா? அண்ணே, செவ்வாக்கெழமயே கிஷன் கொண்டாந்தானே."

"கிஷனா?"

"ஆமாண்ணே. 'மாமா வீட்ல ஒரே பொலம்பல், நான் வந்தேன்னு சொல்லிராதீங்க'ன்னான். ரோட்டுல புகைக்குப் புடிக்கிறாங்கன்னு இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்ச கையோட கொஞ்சம் கொறைச்சுத்தான் விடுவேன். எல்லா வண்டிக்கும் அப்படித்தான். அவன் கேட்டதும் எல்லை வரைக்கும் ஏத்திட்டேன். அதுக்கு மேல அந்த இன்ஜின் தாங்காதுண்ணே."

நாகையா பாயின் முகத்தையே பார்த்தார். தன் தொழிலில் இன்னொருவன் கை வைத்த ஆத்திரத்தில் பயமுறுத்துகிறாரோ? கிஷனும் இவரும் சேர்ந்து ஏதாவது பேசி வைத்திருக்கிறார்களோ?

"வண்டி எங்க?" என்றார் ஜெய்னுதீன்.

"பெந்தோங்."

"லோடு?"

"ஃபுல். ஓடு."

"யா அல்லா! கெந்திங் செம்பா மலை ஏத்தம் பூரா அவன் பெடல மிதிச்சுக்கிட்டே போவானேண்ணே. சூட்டுல பிஸ்டன் உருகி எறங்கிடும். நடு ஏத்தத்துல இன்ஜின் நின்னா அம்புட்டு லோடும் பின்னால இழுக்கும். பின்னாடி வேற வண்டிங்க வரும். ஓரங்கட்டி நிறுத்தச் சொல்லுங்க. மொதல்ல போனப் போடுங்க!"

நாகையா போனை எடுத்து கிஷனின் எண்ணைப் போட்டார். இந்த நேரத்துக்கு அவன் எங்கே இருப்பான்? கோம்பாக் தாண்டியிருப்பான். ஏற்றம் தொடங்கியிருக்கும்.

"அடிக்குதா?" என்றார் ஜெய்னுதீன்.

"அடிக்குது."

கிஷன் எடுக்கவில்லை. மணி தானாக நின்றதும் நாகையா மறுபடி போட்டார். ஜெய்னுதீனும் தன் போனை எடுத்து அதே எண்ணைத் தேடினார். "நீங்க போடாதீங்க பாய், லைன் மாட்டிக்கும்" என்று கத்தினார் நாகையா. பாயின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.