தோளுக்கும் கட்டைக்கும் நடுவே

கரண்டு போய் வந்ததும் எங்கள் வீட்டு விசைத்தறிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. நான் ஓரத்துத் தறியருகே நின்று, கன்றிப்போன வலது தோளில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற தறிதான். ஆனால் ஊடுநூலைச் சுமந்து குறுக்கே பாய்ந்து வருகிற நாடா எப்படி நிற்கிறது என்று அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். எதிர்ப் பெட்டிக்குள் போய் மோதி நிற்பதாகவே அதுவரை நினைத்திருந்தேன். அது மோதவில்லை. பெட்டியின் சுவரில் ஸ்பிரிங் வைத்த வளைந்த பட்டை ஒன்று இருக்கிறது. நாடா நுழைந்ததுமே அது பக்கவாட்டில் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பட்டை தளர்ந்தால்தான் நாடா டமாரென்று மோதித் திரும்பி நூலை அறுக்கும்.

என் துப்பாக்கிக்கும் தோளுக்கும் நடுவே அந்தப் பிடிப்பு இல்லை. சட்டென்று அப்படித் தோன்றியது. ஐஸ் பை காலடியில் விழுந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

துப்பாக்கி என்னுடையதல்ல, நான் சேர்ந்திருக்கிற துப்பாக்கி சுடும் கிளப்புடையது. காரியாபட்டியைத் தாண்டி, சீமைக்கருவேலங்காட்டை ஒட்டிய பொட்டலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி நடக்கும். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, வானத்தில் பறக்கிற களிமண் தட்டை இரட்டைக்குழல் துப்பாக்கியால் சுட வேண்டும். முன்னால் தரைமட்டத்தில் ஒரு குழி, அதன் மேல் கான்கிரீட் கூரை. தட்டை வீசுகிற எந்திரம் குழிக்குள் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முறைவைத்து உள்ளே இறங்கித் தட்டு மாட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். என்னை அங்கே கூட்டிப்போனவன் என்னோடு எஞ்சினியரிங் படித்தவன், திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தான்.

முதல் நாள் முதல் தோட்டா வெடித்தபோது யாரோ கடப்பாரையைத் திருப்பிப் பிடித்துத் தோளில் குத்தியதுபோல இருந்தது. தட்டு போன திசைகூடத் தெரியவில்லை. வலியைவிட மோசமானது அதற்கப்புறம் வந்தது. இரண்டாவது தோட்டாவுக்கு விரல் விசையைத் தொடும்போதே தோள் பின்னால் ஒடுங்கிக்கொண்டது, கண் தானாக மூடிக்கொண்டது. அறையப்போகிறவர் முன்னால் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்பது மாதிரி.

சும்மா இருக்கிறவனா நான்? பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். பிறகு எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. பழைய தலையணையைப் பிரித்துத் தடிமனாக ஒரு திண்டு தைத்தேன்.

“என்னத்துக்குடா அது?” என்று அம்மா வீட்டுத் தெலுங்கில் கேட்டார்.

“தோளுக்கும்மா.”

“தலைக்குக் கட்டிக்கோ. அடி அங்கதான் பட்டிருக்கு.”

அம்மா சொன்னதே சரி என்று ஆகிவிட்டது. திண்டின் பருமனால், தோளில் வைக்கிற துப்பாக்கிக் கட்டை முன்னால் தள்ளிப்போனது. கன்னம் கட்டையில் சரியாகப் படியவில்லை. வெடித்ததும் கட்டை பஞ்சுக்குள் ஓடிவந்து, ஓடிவந்த வேகத்தோடு எலும்பில் இடித்து, தாடையிலும் ஒன்று போட்டது. பல் கிட்டித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பயிற்சியாளர் போலீஸிலிருந்து ஓய்வுபெற்றவர். திண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “கொண்டா தம்பி, நான் போட்டுத் தாரேன்” என்று அவரே தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். நண்பன் அப்போது குழிக்குள் இருந்தான். தட்டை விடச் சொல்லி நான் குரல் கொடுத்தேன். தட்டு கிளம்பியது. விசையை அழுத்தினேன்.

‘க்ளிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அவர் போட்டது மருந்தில்லாத வெற்றுத் தோட்டா.

வெடிக்காத துப்பாக்கி என் கையில் குதித்திருந்தது. இல்லாத இடிக்கு முந்திக்கொண்டு நானே அதை முன்னால் அமுக்கியிருந்தேன். கண்ணைத் திறந்தபோது குழல் வானத்தைப் பார்க்கவில்லை. குழியின் கூரையைப் பார்த்தது.

“அப்படியே நில்லு. அசையாத,” என்றார். “எங்க கொண்டுபோயி வச்சிருக்கேன்னு நல்லாப் பாத்துக்கோ.”

உள்ளேயிருந்து அவன் கத்தினான்: “ஏலே, தட்டு போயி தரையில விழுந்தாச்சு. தூங்கிட்டியா?”

அந்தக் குரல் கேட்டதும் விசையிலிருந்து விரலை எடுத்தேன். கான்கிரீட் கூரை தாங்கும், அதற்காகத்தான் கட்டியிருக்கிறார்கள். அது தெரிந்தும் விரல் மறுபடி விசைப் பக்கம் போகவில்லை. அதுவரை துப்பாக்கி என்னை என்ன செய்யும் என்றுதான் பயந்தேன். இப்போது என் பயமே என் கையை என்ன செய்யவைக்கும் என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

“கோவத்துல சொல்லல தம்பி. அடுத்த ஞாயிறும் இப்படின்னா உன் கையில நான் துப்பாக்கி தர மாட்டேன்.”

திரும்பும் வழியில் டீக்கடையில் நடந்ததை நண்பனிடம் சொன்னேன். “அப்ப இனிமே நான் கூரையக் கும்பிட்டுக்கிட்டே தட்டு மாட்டணுமாக்கும்,” என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள்தான் தறியருகே அந்த யோசனை வந்தது. மென்மை அல்ல, இடைவெளி இல்லாமைதான் வேண்டும். கட்டை முதலிலேயே தோளோடு ஒட்டியிருந்தால் அதற்கு ஓடிவர இடமில்லை. இடி வெறும் தள்ளலாக மாறிவிடும். என் தோளோ ஒவ்வொரு முறையும் பயந்து பின்வாங்கி, இடிக்கு இடம்விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. வீடியோக்களில் எல்லோரும் இதைத்தான் சொல்லியிருந்தார்கள். என் காதில்தான் ஏறவில்லை.

நண்பனை வரச்சொன்னேன். துப்பாக்கி நீளத்துக்கு ஒரு மரச்சட்டத்தை வெட்டி, மொட்டைமாடியில் தோளில் வைத்து நின்றேன். எதிர் நுனியை அவன் உள்ளங்கையால் ஓங்கித் தள்ள வேண்டும். நிமிர்ந்து நின்றபோது குதிகாலில் தடுமாறினேன். இடது காலை முன்வைத்து, எடையை அதன்மேல் சாய்த்து, கட்டையைத் தோள்குழியில் இழுத்து ஒட்டி, கன்னத்தை அதில் படியவைத்தபோது, அவன் தள்ளியது தோளில் தங்காமல் முதுகு வழியாக இறங்கிப் போனது.

“வலிக்குதா?”

“இல்லலே! இன்னும் ஓங்கித் தள்ளு!”

தள்ளினான். மறுபடி தள்ளினான். பிறகு கையை ஓங்கிவிட்டுத் தள்ளாமல் நிறுத்தினான். நான் முன்னால் பாய்ந்து சட்டத்தோடு அவன் நெஞ்சில் முட்டினேன்.

“பாத்தியா,” என்றான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. “நான் தொடவே இல்லலே. கண்ணையும் மூடிட்ட.”

வலி போக வழி கிடைத்துவிட்டது. பயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வலிக்காது என்று தோளுக்குத் தெரிந்தால் போதாது. கண்ணிமைக்கும் தெரிய வேண்டும். அதை யார் போய்ச் சொல்வது?

அங்கிருந்தே பயிற்சியாளருக்குப் போன் போட்டேன். ரவைக் குண்டுகள் குறைந்த லேசான தோட்டா கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கும் என்றார். கட்டையின் பின்பக்கத்து ரப்பர் தேய்ந்திருக்கிறது, புதிதாகப் போட முடியுமா என்றேன். பார்க்கலாம் என்றார். கடைசியாக இன்னொன்றும் கேட்டேன்.

“குழிக்குள்ள யாரும் வேண்டாம் சார். தட்டும் வேண்டாம். வெத்துத் தோட்டாவையும் நல்லதையும் கலந்து போட்டுக் குடுங்க. எது எதுன்னு சொல்லாதீங்க.”

“நீயாவே கேக்கிறியா?”

“ஆமா சார்.”

“குழல் இறங்குச்சுன்னா அதோட முடிஞ்சுது. சம்மதமா?”

சம்மதம் என்றேன். போனை வைத்தபோது திரை வேர்வையில் ஈரமாகியிருந்தது.

நண்பன் எனக்குப் பின்னால் நின்று குழலின் நுனியை வீடியோ எடுப்பதாக ஏற்பாடு. நாளைக்கு ஞாயிறு, காலையில் முதல் பஸ்ஸுக்கே கிளம்புகிறோம். முதலில் வருவது வெற்றுத் தோட்டாவா, வெடிக்கிற தோட்டாவா என்று எனக்குத் தெரியாது. காலை முன்வைத்து, கட்டையை இழுத்து ஒட்டி, கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பார்ப்பேன்.