கை என்றால் கைதானா

மிஷினில் நூல் அறுந்தால் மதார் சாயபுவுக்குச் சந்தோஷம். நூலை மறுபடி கோப்பதற்குள் அரைப் பக்கம் படித்துவிடுவார். மேஜையில் ஒரு மார்க்கக் கிதாபு எப்போதும் விரிந்து கிடக்கும், கத்தரிக்கோல் அதன்மேல் பாரமாக. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கும்போது மட்டும் படிப்பதில்லை. "ஓட்டைல ஞானம் பூந்துச்சுன்னா சட்டை போயிடும்" என்பார். தொப்பியில் குத்திய ஊசியோடு தொழுகைக்கும் வந்துவிடுவார்.

மேல்சித்தாமூர் சமணர் தர்மநாதன் துணி தைக்கக் கொடுக்க வந்தவர், "உங்க மார்க்கத்துல எல்லாருக்கும் ஒரே பேச்சுதானே பாய்?" என்று கேட்டார்.

சாயபு மிஷினை நிறுத்தினார். "யாரு சொன்னா? ஆண்டவனோட கைன்னு வேதத்துல வருது. கைன்னா இன்னா? கைதான், எப்படின்னு கேக்காதன்னு ஒரு கூட்டம். அது அவனோட வல்லமைன்னு இன்னொரு கூட்டம். நல்லது கெட்டது அறிவுக்கே தெரியும்னாங்க சில பேரு. வேதம் சொன்னாத்தான் தெரியும்னாங்க சில பேரு. சூஃபிங்க வந்து, பேசினது போதும், உள்ள பாருன்னாங்க. ஆயிரம் வருசமா பேசிக்கினே இருக்காங்க."

"நீங்க எந்தக் கட்சி?"

"இன்னும் படிச்சி முடிக்கல."

சென்ற ஆண்டு, மின்சார ஆபீஸ் வேலைக்காகப் பரங்கிப்பேட்டையிலிருந்து மீரான் மரைக்காயர் எங்கள் ஊருக்கு வந்தார். தொழும் முறையில் அவர் ஷாஃபி வழி, எங்கள் பள்ளிவாசலில் எல்லோரும் ஹனஃபி வழி. தொழுகையில் குனியும்போதும் நிமிரும்போதும் அவர் கைகளை உயர்த்துவார். பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லிக்கு அது பொறுக்கவில்லை. பின்வரிசைக்குப் போகச் சொன்னார். மறுநாள் மீரான் பள்ளிவாசலுக்கே வரவில்லை.

சாயபு அவர் வீட்டுக்குப் போய் அழைத்து வந்து, முன்வரிசையில் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "ரெண்டு வழியும் படிச்சவங்க காட்டின வழி. இவர பின்னால தள்ளினா எனக்கும் அங்கதான் எடம்" என்றார். முத்தவல்லி அவரோடு பேசுவதை விட்டார். பெருநாள் சட்டையை விழுப்புரத்தில் தைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு விடியற்காலை, இமாம் காய்ச்சலில் படுத்துவிட்டார். தொழுகை நடத்த யார் என்று எல்லோரும் சாயபுவைப் பார்த்தோம். "என்னவிட இவரு ஓதறது சுத்தம்" என்று அவர் மீரானை முன்னே அனுப்பினார். முத்தவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் வரிசையை விட்டுப் போகவில்லை.

தொழுகையின் இரண்டாம் சுற்றான இரண்டாம் ரக்அத்தில் மீரான், தம் வழக்கப்படி, நிமிர்ந்து நின்று இரு கைகளையும் ஏந்தி உரக்கப் பிரார்த்தித்தார். எங்கள் வழியில் சுபுஹு என்னும் விடியற்காலைத் தொழுகையில் அது கிடையாது. ஆமீன் சொல்வதும் மனத்துக்குள்தான். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம்.

சாயபு கைகளை ஏந்தவில்லை. தம் வழக்கப்படி தொங்கவிட்டே நின்றார். மீரான் ஒவ்வொரு வரியையும் முடித்தபோது அந்த வரிசையில் அவர் குரல் மட்டும் உரக்கக் கேட்டது: "ஆமீன்."